கிளிஃப் கீன்: இரண்டு களங்களில் 45 ஆண்டுகள்

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மல்யுத்த அணிக்கு 1925 முதல் 1970 வரை தலைமைப் பயிற்சியாளர் கிளிஃப் கீன். அதே பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியில் 30 ஆண்டுகளுக்கு மேல் துணைப் பயிற்சியாளராகவும் இருந்தார். (இங்கே கால்பந்து என்பது நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி, தலைக்கவசமும் தோள்காப்பும் அணிந்து மோதும் ஆட்டம்.) மல்யுத்தத்தில் 13 முறை பிக் டென் (அமெரிக்க மத்திய மேற்குப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு) மண்டலப் பட்டம் வென்றார். தேசிய அணிப் பட்டம் ஒருமுறைகூடக் கிட்டவில்லை. இருந்தும் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தின் வரலாற்றை எழுதும் யாரும் அவரைத் தாண்டிப் போக முடியாது.

ஒருவர் இரண்டு விளையாட்டுகளைப் பயிற்றுவிப்பது அன்று அமெரிக்கக் கல்லூரிகளில் வழக்கம்தான். இந்த ஏற்பாடு எப்படி இயங்கியது, எங்கே பலம் தந்தது, எங்கே இடித்தது என்று பார்க்கக் கீனின் பணிக்காலத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. பயிற்சியாளர் வேலையைத் தொழிலாக எடுத்துக்கொள்ள நினைப்பவர்கள் பட்டங்களின் எண்ணிக்கையை விட்டுவிட்டு இந்த ஏற்பாட்டைக் கவனிப்பது நல்லது.

கல்லகரின் பட்டறை

கீன் 1901இல் ஓக்லஹோமாவில் பிறந்தவர். அங்கே ஸ்டில்வாட்டரில் இருந்த ஓக்லஹோமா ஏ அண்ட் எம் கல்லூரியில் (இன்றைய ஓக்லஹோமா ஸ்டேட்) கால்பந்தும் மல்யுத்தமும் ஆடினார். மல்யுத்தத்தில் அவருக்கு ஆசான் எட் கல்லகர். இவரும் இரு களத்து மனிதரே. மாணவப் பருவத்தில் கால்பந்திலும் ஓட்டத்திலும் பேர் எடுத்தவர், படித்தது பொறியியல். 1916 முதல் 1940 வரை அவர் நடத்திய அணி, அணிக்கு அணி மோதும் நேரடிப் போட்டிகளில் 138 வெற்றி, 5 தோல்வி, 4 சமம் என்று முடித்தது. தேசியப் பட்டங்கள் 11.

கல்லகர் மல்யுத்தப் பிடிகளை நெம்புகோல் கணக்காகப் பார்த்தார். தரையில் கை, முழங்கால் ஊன்றி இருக்கும் மனிதனுக்கு நான்கு தாங்கிகள். இரண்டு கை, இரண்டு முழங்கால். அதில் ஒன்றை எடுத்துவிட்டு, எடுத்த மூலையை நோக்கியே தள்ளினால் அவன் விழுந்தாக வேண்டும். எதிர் மூலைக்குத் தள்ளினால் எத்தனை பலம் போட்டாலும் மீதி மூன்று தாங்கிகளும் அவனைக் காப்பாற்றிவிடும். கல்லூரிப் பாணி மல்யுத்தத்தில் மேலே இருப்பவன் இடுப்பை ஒரு கையால் இறுக்கி, அருகிலுள்ள முழங்கையை மறுகையால் உள்ளே இழுத்து, அந்த மூலைக்கே நெஞ்சைச் சாய்க்கிறானே, அதன் கணக்கு இதுதான். புதிதாக வருபவன் பிடியைச் சரியாகவே போடுவான், தள்ளும் திசையில் தவறுவான். 'பலம் போதவில்லை' என்று சொல்லி அவனை எடைப் பயிற்சிக்கு அனுப்பும் பயிற்சியாளர்கள் இன்றும் உண்டு. முதலில் திசையைத் திருத்த வேண்டும்.

1924 ஒலிம்பிக்குக்கான தேர்வில் கீன் வென்றார், ஆனால் காயம் அவரைப் போட்டிக்குப் போக விடவில்லை. அடுத்த ஆண்டே 24 வயதில், மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் நகருக்கு வந்து மிச்சிகன் மல்யுத்த அணியின் பொறுப்பை ஏற்றார்.

வேலை எப்படிக் கட்டப்பட்டிருந்தது

அப்போது மிச்சிகனின் விளையாட்டு இயக்குநர் ஃபீல்டிங் யோஸ்ட். கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளரும் அவரே. நுழைவுச்சீட்டு வருமானம் கால்பந்திலிருந்து வந்தது. 1927இல் திறந்த மிச்சிகன் ஸ்டேடியம் அந்த வருமானத்தை நம்பி எழுந்த கட்டடம். மல்யுத்தத்துக்கு அப்படி ஒரு வருமானம் கிடையாது. ஆகவே மல்யுத்தப் பயிற்சியாளர் இலையுதிர்காலத்தில் கால்பந்து மைதானத்தில் வேலை செய்வது இரு பக்கத்துக்கும் பொருந்தியது. கால்பந்து அணிக்கு உடல்மோதலைப் புரிந்துகொண்ட ஒரு துணைப் பயிற்சியாளர் கிடைத்தார், மல்யுத்த அணிக்கு ஆண்டு முழுதும் வளாகத்தில் இருக்கும் தலைவர் கிடைத்தார்.

இந்த ஏற்பாட்டின் உண்மையான பலம் நெருக்கடியில் தெரிந்தது. யோஸ்டுக்குப் பின் கால்பந்துத் தலைமை பலமுறை கைமாறியது. 1929இல் ஹாரி கிப்கி வந்தார். 1932, 1933 இரு ஆண்டுகளிலும் மிச்சிகன் தேசிய அளவில் முதலிடம். பின்னால் அமெரிக்காவின் அதிபரான ஜெரால்ட் ஃபோர்ட் அந்த அணிகளில் முன்வரிசையின் நடு வீரர் (சென்டர்). 1934இல் அதே அணி ஒரே ஒரு ஆட்டம் வென்று ஏழில் தோற்றது. 1937 பருவத்தின் முடிவில் கிப்கி நீக்கப்பட்டார். தலைமைப் பயிற்சியாளர் போனால் துணைப் பயிற்சியாளர்களும் மூட்டை கட்டுவது அமெரிக்கக் கால்பந்தின் எழுதாத விதி. கீன் போகவில்லை. 1938இல் வந்த ஃப்ரிட்ஸ் கிரைஸ்லரின் கீழும் வேலை செய்தார், 1948 முதல் பென்னி ஊஸ்டர்பானின் கீழும் வேலை செய்தார். 1947, 1948 தேசியப் பட்டங்களின்போதும் பயிற்சிக் குழுவில் இருந்தார்.

திறமையை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தால், எங்கள் கணிப்பில் இதற்குக் காரணம் அவருடைய முதன்மைப் பதவி மல்யுத்தத் தலைமை என்பதுதான். அந்தப் பதவியைத் தருபவரும் எடுப்பவரும் விளையாட்டு இயக்குநர், கால்பந்துத் தலைமைப் பயிற்சியாளருக்கு அதில் கை இல்லை. யோஸ்ட் 1941 வரை இயக்குநர், அவரை அடுத்து 1968 வரை கிரைஸ்லர் இயக்குநர். கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு டான் கேனம். 45 ஆண்டில் கீனுக்கு மேலே இருந்தவர்கள் இந்த மூவர்தான். இன்று இரட்டைப் பொறுப்பு கேட்கப்படும் இளம் பயிற்சியாளர் ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது இதை: எந்தப் பதவி முதன்மை, இரண்டில் ஒன்று போனால் மற்றது நிற்குமா, சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது. வாய்மொழியாக 'பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்ட இடத்தில்தான் ஆட்கள் நடுத்தெருவில் நின்றிருக்கிறார்கள்.

கீன் இன்னொரு காப்பும் செய்துகொண்டார். பயிற்சியாளராக இருந்துகொண்டே மிச்சிகன் சட்டக் கல்லூரியில் படித்து 1933இல் பட்டம் பெற்றார். பொருளாதாரப் பெருவீழ்ச்சியின் நடுவே கையில் சட்டப் பட்டத்தோடு இருந்தவர், வழக்கறிஞர் தொழிலுக்குப் போகாமல் மல்யுத்த அறைக்கே திரும்பினார்.

நவம்பர் என்ற சிக்கல்

காகிதத்தில் இரண்டு பருவங்களும் அழகாக அடுத்தடுத்து வருகின்றன. கால்பந்து ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி நவம்பர் மூன்றாம், நான்காம் வாரம் வரை. மல்யுத்தப் போட்டிகள் கீன் காலத்தில் டிசம்பர் தொடங்கி மார்ச்சில் தேசியப் போட்டியோடு முடிந்தன. நடைமுறையில் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் இறுதிவரை ஆறு வாரம் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். மல்யுத்த வீரர்கள் எடை, மூச்சு, அடிப்படை மூன்றையும் கட்ட வேண்டிய ஆறு வாரம் அது. தலைமைப் பயிற்சியாளர் அந்த நேரத்தில் புல்தரையில் நிற்கிறார்.

அங்கே கோளாறு வரும் வழிகள் தெரிந்தவைதான். அணித்தலைவர் பயிற்சியை நடத்துவார். நடத்துபவர் தனக்குப் பிடித்த பிடிகளையே திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார். எல்லோரும் நின்றபடி மோதுவதையே விரும்புவார்கள், கீழே இருந்து எழும் பயிற்சியை யாரும் தானாகச் செய்வதில்லை. முதல் போட்டியில் முதல் சுற்றை வென்றுவிட்டு இரண்டாம் சுற்றில் கீழே மாட்டிக்கொண்டு இரண்டு நிமிடம் முழுக்க எழ முடியாமல் தோற்கும் வீரர்கள் நிறைந்த அணி, அக்டோபரில் பயிற்சியாளர் இல்லாத அணியாகத்தான் பெரும்பாலும் இருக்கும். எடையை யாரும் பார்க்காததும் பெரிய ஆபத்து. நவம்பர் முதல் வாரம்வரை இரண்டு எடைப் பிரிவு மேலே இருந்துவிட்டு கடைசிப் பத்து நாளில் தண்ணீரை நிறுத்துவார்கள்.

இதற்குச் சரியான தீர்வு எழுதிய அட்டவணை. ஒவ்வொரு நாளும் 75 நிமிடம் போதும்: 10 நிமிடம் நிலையும் நகர்வும், 25 நிமிடம் நின்ற நிலைப் பிடிகள், 25 நிமிடம் கீழே இருந்து எழுதலும் மேலே இருந்து அடக்குதலும், 15 நிமிடம் ஓட்டம் அல்லது கயிறேற்றம். வாரத்துக்கு இருமுறை எடை எழுதப்பட வேண்டும், எழுதுபவர் அணியில் ஆடாத ஒருவராக இருக்க வேண்டும்.

கீன் காலத்தின் பெரும்பகுதியில் முதலாண்டு மாணவர்கள் பல்கலைக்கழக அணியில் ஆட அனுமதி இல்லை. அது ஒருவகையில் இரட்டைப் பயிற்சியாளருக்கு உதவியது. அந்த ஓராண்டில் ஒருவனை அவசரமில்லாமல் பதப்படுத்தலாம்.

கால்பந்து உடல், மல்யுத்த உடல்

'கால்பந்து வரிசை வீரனை (முன்வரிசையில் நின்று மோதுபவனை) அழைத்து வந்தால் கனஎடை மல்யுத்த வீரன் தயார்' என்பது பள்ளிகளில் இன்றும் இருக்கும் நம்பிக்கை. பாதி உண்மை. கீனின் அணியிலேயே டேவ் போர்ட்டர் இருந்தார். மிச்சிகன் கால்பந்து அணியின் வரிசை வீரரான அவர் 1966, 1968 இரு ஆண்டுகளும் கனஎடையில் தேசிய வாகையர். இடையில் 1967இல் அந்தப் பட்டத்தை வென்ற அரிசோனா ஸ்டேட்டின் கர்லி கல்ப், பிறகு தொழில்முறைக் கால்பந்தில் புகழ்மண்டபம் வரை போனார். ஆக, மூன்று ஆண்டும் கனஎடைப் பட்டம் கால்பந்து வீரர்களிடமே இருந்தது.

இரு ஆட்டங்களுக்கும் பொதுவானவை: தாழ்ந்த இடுப்பு, எதிராளியின் நெஞ்சுக்குக் கீழே நுழைவது, கைகளால் உள்வழியைப் பிடிப்பது, மோதிய பிறகும் கால்களை நிறுத்தாமல் ஓட்டுவது. இரு கால்களையும் பிடித்து வீழ்த்தும் டேக்டவுனை நன்றாகக் கற்றவன் கால்பந்தில் ஆளை மடக்கும்போது கைகளை நீட்டிப் பிடிக்கப் பார்க்க மாட்டான். இடுப்பைக் கொண்டுபோய் வைப்பான்.

பொருந்தாதவை இன்னும் முக்கியம். கால்பந்து வரிசை வீரன் ஒரு கை தரையில் ஊன்றி, எடை முழுவதும் முன்னங்காலில் சாய நிற்பான். ஆட்டம் தொடங்கியதும் முன்னால் பாய்வதுதான் அவன் வேலை. மல்யுத்தத் தளத்தில் இதே சாய்வோடு நின்றால் எதிராளி கழுத்தின் பின்புறத்தைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் போதும். கைகள் தரையைத் தொடும், எதிராளி சுற்றிப் பின்னால் போய்விடுவான். டிசம்பரில் கால்பந்திலிருந்து வந்த கனஎடை வீரர்கள் தோற்கும் வழிகளில் இதுவே முதலிடம். திருத்தம்: தலை இடுப்புக்கு நேர்மேலே, எடை இரு பாதங்களின் நடுப்பகுதியில், முழங்கை விலாவை ஒட்டி. முதல் இரண்டு வாரம் எந்தத் தாக்குதலும் கற்றுத் தராமல் இந்த நிலையையும் பக்கவாட்டு நகர்வையும் மட்டும் கொடுப்பது வீணான காலம் அல்ல.

மூச்சு அடுத்தது. கால்பந்தில் ஒரு ஆட்ட முயற்சி சராசரியாக ஐந்தாறு விநாடி, பிறகு அரை நிமிட ஓய்வு. கல்லூரி மல்யுத்தம் இன்று 3, 2, 2 என ஏழு நிமிடம். கீன் காலத்தில் அதைவிட நீளம். 110 கிலோ உடலுக்கு மூன்றாவது நிமிடத்தில் முன்கை இறுகிப்போகும், பிடி தானாக அவிழும். இதை நீண்ட தூர ஓட்டத்தால் சரிசெய்ய முடியாது, முழங்கால்தான் கெடும். 30 விநாடி முழு வேகத்தில் மோதல், 30 விநாடி நடை, இப்படி ஆறு தடவை. வாரத்துக்கு ஒரு தடவை கூட்டினால் நான்காம் வாரத்தில் மூச்சு பிடிபடும்.

மூன்றாவது, கீழ்நிலை. கால்பந்தில் விழுந்தவுடன் ஊதல் ஊதப்படும். மல்யுத்தத்தில் விழுந்த பிறகுதான் பாதி ஆட்டம். கீழே இருப்பவன் எழ வேண்டும், மேலே இருப்பவன் அடக்க வேண்டும். அடக்கும் நேரம் தனியாக எண்ணப்படும். கீன் பயிற்சியைத் தொடங்கியபோது தோள்கள் தரையில் அழுத்தப்படாத ஆட்டங்களை அந்த அடக்கும் நேரமே தீர்மானித்தது. டேக்டவுனுக்கு இத்தனை, தப்பித்தலுக்கு இத்தனை என்று புள்ளிகள் 1941இல்தான் வந்தன. ஓக்லஹோமா ஏ அண்ட் எம்மில் கல்லகருக்குப் பின் பயிற்சியாளராக வந்த ஆர்ட் கிரிஃபித்தின் யோசனை அது. நாற்பது வயதில் தன் விளையாட்டின் வெற்றிக் கணக்கே மாறுவதைப் பார்த்து, அதற்கேற்பப் பயிற்சியை மாற்றி, அதன்பின் இன்னும் முப்பது ஆண்டு நின்றார் கீன். அவருடைய தகவமைப்புத் திறனுக்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

கழுத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கால்பந்தில் தோளில் அடிபட்டு கை முழுக்க மின்சாரம் பாய்ந்ததுபோல் எரியும் நரம்புக் காயத்தோடு வருபவர்கள் அதைச் சொல்வதில்லை. பருவம் மாறும்போது ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும், இரு கைகளின் பிடிபலத்தையும் தோளைத் தூக்கும் பலத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரு பக்கமும் சமமாகும்வரை, மருத்துவர் சம்மதம் தரும்வரை நேரடி மோதல் கூடாது. கழுத்தைத் தலைப்பாலம் போட்டு (தலையைத் தரையில் ஊன்றி உடலை வில்லாக வளைத்து) வலுப்படுத்துவது பழைய வழி. நெற்றி, பின்தலை, இரு பக்கம் என நான்கு திசையிலும் கையால் தடுத்து 10 விநாடி அழுத்துவது, மும்மூன்று முறை, காயம் ஆறிவருபவர்களுக்குப் பாதுகாப்பானது.

68 கிலோ கால்பந்து

போருக்குப் பின் 1947, 1948 ஆண்டுகளில் பிக் டென் கல்லூரிகள் சில, 150 பவுண்டு (68 கிலோ) எடைக்கு உட்பட்டவர்களுக்கான தனிக் கால்பந்து அணிகளை வைத்தன. மிச்சிகன் அணியைக் கீனிடம் கொடுத்தார்கள். இரு ஆண்டும் பட்டம் வென்றது. எடை வரம்புள்ள கால்பந்துக்கு மல்யுத்தப் பயிற்சியாளரைத் தேர்ந்தது மிகச் சரி. எடைக்குள் இருந்தபடியே பலத்தைக் காப்பதும், சம எடை உடல்கள் மோதும்போது பாயும் கோணமே வெற்றியைத் தீர்மானிக்கும் என்பதும் அவருக்கு ஏற்கெனவே தெரிந்த பாடம்.

காது

கீனின் பெயர் இன்றைக்கும் பள்ளி மாணவர்கள் வாயில் வருவதற்குக் காரணம் காதுக்கவசம். மல்யுத்த வீரர்களின் காது ஏன் காலிஃபிளவர் போலச் சுருண்டு தடித்துப்போகிறது என்று பார்த்தால், அவர் தீர்த்த சிக்கல் எத்தனை கடினமானது என்று புரியும்.

காது மடல் குருத்தெலும்பால் ஆனது. குருத்தெலும்புக்குச் சொந்தமாக இரத்தக் குழாய் கிடையாது, மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய உறை வழியாகத்தான் ஊட்டம். நேரடி அடியைவிட, எதிராளியின் தலையோ தொடையோ காதை அழுத்தியபடி தேய்த்து நகர்வதுதான் மோசம். அந்த இழுப்பில் உறை குருத்தெலும்பைவிட்டுப் பிரிகிறது, இடைவெளியில் இரத்தம் தேங்குகிறது. ஊட்டம் நின்ற குருத்தெலும்பு மடிகிறது. இரண்டு வாரத்துக்குள் அந்த இடத்தில் ஒழுங்கில்லாத புதிய திசு வளர்ந்து இறுகிவிடும். பிறகு அறுவை சிகிச்சைதான்.

ஆகவே வீக்கம் மென்மையாக, அழுத்தினால் தளும்பும் நிலையில் இருக்கும்போதே, இரண்டு மூன்று நாளுக்குள், மருத்துவர் இரத்தத்தை எடுக்க வேண்டும். எடுத்தால் மட்டும் போதாது. உறை மீண்டும் ஒட்டுவதற்காகக் காதின் முன்னும் பின்னும் பஞ்சுருளை வைத்துத் தைத்து ஒரு வாரம், பத்து நாள் அழுத்தத்தில் வைக்க வேண்டும். இந்த இரண்டாவது பகுதியை விட்டுவிட்டு, ஊசியால் இரத்தத்தை இழுத்துவிட்டு அன்று மாலையே பயிற்சிக்குப் போவதுதான் எங்கும் நடக்கும் தவறு. மறுநாள் காலை காது மீண்டும் நிரம்பியிருக்கும். பயிற்சி அறையிலேயே ஊசி குத்துவது இன்னும் கெடுதல், குருத்தெலும்பில் சீழ் பிடித்தால் காதின் வடிவமே போய்விடும்.

காதைக் காக்கும் கவசம் ஒன்றுக்கொன்று முரணான பல வேலைகளைச் செய்தாக வேண்டும். காதைத் தொடாமல் அதைச் சுற்றி உட்கார வேண்டும், நடுவரின் குரல் கேட்கத் துளை வேண்டும், எதிராளியின் முகத்தைக் கிழிக்காத அளவுக்கு மென்மை வேண்டும், வியர்வையில் நனைந்த தலையில் நழுவக்கூடாது. இந்த வகைக் கவசத்தை வடிவமைத்துக் காப்புரிமை பெற்ற கீன், அதைத் தயாரிக்க 1958இல் தன் பெயரிலேயே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். ஏறத்தாழ அதே காலத்தில் அவருடைய கால்பந்துப் பணியும் முடிவுக்கு வந்தது. தலைக்கவசம் 1939இலேயே கல்லூரிக் கால்பந்தில் கட்டாயமாகிவிட்டது. தலையில் பொருந்தாத கவசம் என்ன செய்யும் என்பதை ஒவ்வோர் இலையுதிர்காலமும் பக்கத்தில் நின்று பார்த்தவருக்கு மல்யுத்தத் தளத்தின் தேவை உடனே புரிந்திருக்கும் என்று நினைக்கிறோம்.

இன்று அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மல்யுத்தத்தில் காதுக்கவசம் இல்லாமல் தளத்தில் இறங்க முடியாது. அணியும் முறையில்தான் குறை. கிண்ணங்களைக் காதின்மேல் நடுவாக வைத்து முதலில் நெற்றி, பின்தலை வார்களை இறுக்க வேண்டும், பிறகு உச்சி வார், கடைசியில் தாடை வார். தாடை வாரை முதலில் இறுக்கினால் கிண்ணம் கீழே இழுபடும். சோதிப்பது எளிது: உள்ளங்கையால் கிண்ணத்தை முன்னிருந்து பின்னுக்கு வேகமாகத் தள்ளிப் பாருங்கள். விளிம்பு காதின்மேல் ஏறினால், அந்த விளிம்பே ஆட்டத்தில் காதைத் தேய்க்கும். தளர்ந்த கவசம் கவசமே இல்லாததைவிட மோசமாகக்கூடும். ஆட்டத்தில் அணிந்துவிட்டுப் பயிற்சியில் கழற்றி வைப்பதும் பயனற்றது. வாரத்தில் ஏழு நிமிடம் ஆட்டம், பத்து மணி நேரம் பயிற்சி. காது கெடுவது பெரும்பாலும் பயிற்சி அறையில்.

போரும் லண்டனும்

இரண்டாம் உலகப்போரில் கீன் அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றினார். விமானிகளாகப் போகும் இளைஞர்களுக்கான உடற்பயிற்சித் திட்டத்தில் மல்யுத்தக் கையேட்டை எழுதியவர்களில் அவரும் ஒருவர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் அமெரிக்க மல்யுத்த அணியின் மேலாளர். கிளென் பிராண்ட், ஹென்றி விட்டன்பர்க் இருவரும் தங்கம் வென்றனர். அன்றைய சர்வதேச விதியில் இரு தோள்களும் ஒரு நொடி தரையைத் தொட்டுப் போனாலே தோல்வி. கல்லூரி விதியில் அழுத்திப் பிடித்து வைக்க வேண்டும். கீழே இருந்து முதுகின்மேல் உருண்டு தப்பிக்கும் கல்லூரிப் பழக்கம் அங்கே தன்னைத்தானே தோற்கடித்துக்கொள்ளும் வழி. பழகிய உடலிலிருந்து ஒரு அசைவை எடுப்பது புதிய அசைவைக் கற்பதைவிடக் கடினம் என்பதை இப்போதும் கல்லூரியிலிருந்து ஃப்ரீஸ்டைல் என்ற சர்வதேசப் பாணிக்குப் போகும் அமெரிக்கர்கள் உணர்கிறார்கள்.

ஏன் தேசியப் பட்டம் இல்லை

கீனின் மாணவர் ஹரால்ட் நிக்கல்ஸ் 1939இல் 145 பவுண்டு பிரிவில் தேசிய வாகையர். அடுத்த ஆண்டு அவர் தம்பி டான் 175 பவுண்டில் வென்றார். ஹரால்ட் பிறகு ஐயோவா ஸ்டேட்டின் பயிற்சியாளராகி ஆறு தேசியப் பட்டங்கள் குவித்தார். ஆசானுக்கு ஒன்றும் இல்லை. நெருங்கியது 1967இல். இரண்டாமிடம். முதலிடம் அதே மாநிலத்தின் மிச்சிகன் ஸ்டேட்டுக்கு. அந்த அணி 1966 முதல் ஏழு ஆண்டு தொடர்ந்து பிக் டென் பட்டத்தையும் வைத்துக்கொண்டது. 1963 முதல் 1965 வரை மூன்று ஆண்டு மண்டலத்தை ஆண்ட கீன், கடைசி ஐந்து ஆண்டில் ஒருமுறைகூட அதை மீட்கவில்லை.

காரணத்தை இரண்டு வகைப் போட்டிகளின் கணக்கில் தேட வேண்டும். அணிக்கு அணி மோதும் போட்டியில் ஒவ்வோர் எடையிலும் ஓர் ஆட்டம். எல்லா எடையிலும் ஓரளவு நல்லவன் இருந்தால் வெல்லலாம். தேசியப் போட்டியில் புள்ளிகள் மேல்சுற்றுகளில் குவிகின்றன. நான்கு பேர் இறுதிக்குப் போனால் மற்ற எடைகள் காலியாக இருந்தாலும் கோப்பை கிடைக்கலாம். கீனின் அணிகள் முதல் வகை. வளாகத்துக்கு வந்தவர்களை வைத்து, கால்பந்திலிருந்தும் ஆள் எடுத்து, எல்லா இடத்தையும் நிரப்பிய அணிகள். நாடெங்கும் சுற்றி உச்ச வீரர்களைச் சேர்ப்பது 1960களில் தனி வேலையாகவே மாறியிருந்தது. அறுபது வயதைத் தாண்டியவருக்கு அந்த ஓட்டம் எளிதல்ல. அவர் காலத்தின் இந்தப் பக்கத்தை மறைத்து அவரைப் புகழ வேண்டியதில்லை.

1970இல் அவர் ஓய்வு பெற்றபோது பொறுப்பேற்றவர் ரிக் பே. மிச்சிகனில் கால்பந்தும் மல்யுத்தமும் இரண்டும் ஆடியவர். கீன் 1991இல் மறைந்தார். அதற்கு முந்தைய ஆண்டே மிச்சிகன் வளாகத்தின் அரங்கு ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

எடை

காதைக் காத்த விளையாட்டு எடைக்குறைப்பைக் கட்டுப்படுத்த இன்னும் பல ஆண்டு எடுத்துக்கொண்டது. 1997 நவம்பர், டிசம்பரில் ஐந்து வாரத்துக்குள் மூன்று கல்லூரி வீரர்கள் எடை குறைக்கும் முயற்சியில் இறந்தார்கள். மூன்றாமவர் மிச்சிகன் மாணவர். மூடிய வெப்ப அறை, ரப்பர் உடை, மிதிவண்டி, தண்ணீர் இல்லை. வியர்வையால் உடல் குளிரும் வழியை ரப்பர் அடைக்கிறது. நீர் வற்றிய இரத்தம் தடிக்கிறது. இதயமும் சிறுநீரகமும் ஒன்றாகத் தளர்கின்றன.

1998 தொடக்கத்தில் ரப்பர் உடையும் நீராவி அறையும் தடை செய்யப்பட்டன. எடை பார்ப்பது முந்தைய நாளிலிருந்து ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாக நகர்ந்தது. முந்தைய நாள் வற்றிவிட்டு இரவெல்லாம் குடித்து நிரப்பும் கணக்கு அதோடு போயிற்று. எடைப் பிரிவுகள் உயர்த்தப்பட்டன. 118 பவுண்டாக இருந்த மிகக் குறைந்த பிரிவு 125 ஆனது. இப்போது பருவத் தொடக்கத்தில் சிறுநீரின் அடர்த்தியைச் சோதிப்பார்கள், 1.020க்கு மேல் இருந்தால் (உடலில் நீர் வற்றியிருக்கிறது என்று பொருள்) அன்று எடை எடுக்கவே மாட்டார்கள். பிறகு உடல் கொழுப்பை அளந்து, 5 சதவீதத்துக்குக் கீழே போகாத எடை எதுவோ அதுவே அவனுடைய கீழ் எல்லை. அந்த எல்லைக்கும் வாரத்துக்கு உடல் எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் குறைக்காமல்தான் இறங்க வேண்டும்.

75 கிலோ வீரனுக்கு இது வாரம் சுமார் 1.1 கிலோ. கால்பந்து முடித்து நவம்பர் கடைசியில் 95 கிலோவில் வருபவன் 197 பவுண்டு பிரிவுக்கு, அதாவது 89 கிலோவுக்கு, ஆசைப்பட்டால் குறைந்தது ஐந்து வாரம் ஆகும். ஜனவரிக்கு முன் அவனை அந்த எடையில் இறக்க முடியாது. பயிற்சியாளர் இதைச் செப்டம்பரிலேயே கணக்கிட்டு, டிசம்பர்ப் போட்டிகளில் அவனைக் கனஎடையில் ஆட விட வேண்டும், அல்லது அவனில்லாமல் அந்த எடைக்கு இன்னொருவனைத் தயார் செய்து வைத்திருக்க வேண்டும்.